‘ஒரு ஊசி போதும்’ என்று அப்பா எழுதிக் காட்டுகிறார்

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 71 வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய்ப் புற்றுநோய். ஆபரேஷன், கதிர்வீச்சு, கீமோ எல்லாம் முடிந்தும் நோய் திரும்ப வந்துவிட்டது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கன்னத்தில் பெரிய புண். மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி, பால் எல்லாம். பேச்சு புரியாததால் நோட்டில் எழுதிக் காட்டுகிறார். புண்ணின் வாடை பேரனுக்கு ஆகாது என்று தன் கட்டிலைத் தானே வெளி அறைக்கு மாற்றிக்கொண்டார். ராத்திரி முழுக்க முனகல். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் பற்றிக் கேட்டதற்கு, ‘அதைக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார்’ என்று தெரிந்த டாக்டர் ஒருவர் தடுத்துவிட்டார். போன வாரம் அப்பா எழுதினார்: ‘ஒரு ஊசி போதும். சுவிட்சர்லாந்தில் கொடுக்கிறார்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கவில்லையா?’ அந்தச் சோழ மன்னன் உண்ணாமல் இருந்து உயிர்விட்டதைச் சொல்கிறார். குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார். நம் நாட்டில் இதற்கு ஏன் சட்டம் இல்லை? இருந்தால் நீங்கள் அந்த ஊசியைப் போடுவீர்களா? குழாயை எடுப்பது குற்றமா? மூச்சுத் திணறினால் வென்டிலேட்டரில் போட வேண்டுமா? குவைத்தில் இருக்கும் அண்ணன் ‘எதையும் நிறுத்தாதே’ என்கிறான். எனக்கோ, அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று தோன்றுகிறது. சாமியிடம் அப்படித்தான் வேண்டுகிறேன். இது பாவமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. சட்டமும் விவாதமும் கொஞ்சம் பொறுக்கலாம், அப்பாவின் ராத்திரி வலி பொறுக்கக் கூடாது. அதனால் மார்ஃபினை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது தவறு. குறைந்த அளவில் தொடங்கி, வலிக்குத் தகுந்தபடி படிப்படியாக ஏற்றிக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. இந்தக் கட்டத்தில் இருப்பவர் அடிமையாகிவிடுவார் என்று பயந்து வலியில் கிடக்க விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. புற்றுநோய் வலிக்கு மார்ஃபினைப் பயன்படுத்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். அதனால் ‘வலி வந்தால் கொடுங்கள்’ என்று எழுதித் தருவது போதாது, மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகவே கொடுக்கலாம். ஆனால் மெதுவாகக் கரையும் வகை என்றால் பொடிக்கவே கூடாது. எந்த வகை என்று மருந்து தருபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம், அது பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது, ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்து வாங்குங்கள். மாத்திரைகள் உங்கள் பொறுப்பில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், சாவைக் கேட்கிற அப்பாவும் இருக்கிறார்.

எங்கே கிடைக்கும்? சாதாரண மருந்துக் கடையில் கேட்டு அலையாதீர்கள். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) பிரிவு எது என்று கேட்டுப் போங்கள். அப்பாவை அலைக்கழிக்க முடியாது என்றால் முதல் தடவை அறிக்கைகளோடு நீங்கள் மட்டும் போய்ப் பேசிப் பாருங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் நர்ஸுகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்.

இதை எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு கோபம் வரும். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மார்ஃபின் எடுக்கும் அபினிச் செடி அரசு உரிமத்தோடு பயிராகிறது. உலகத்துக்கு மருந்துக்கான அபினியை ஏற்றுமதி செய்யும் நாடு நாம். அப்படியிருந்தும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. மருத்துவக் கல்லூரிகளும் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்காமல் ஒரு தலைமுறை டாக்டர்களை வெளியே அனுப்பின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, பல உரிமங்களுக்கு அலைய வேண்டியதில்லை என்று ஆக்கினார்கள். பயம் மட்டும் இன்னும் போகவில்லை. உங்களைத் தடுத்த டாக்டர் கெட்டவராக இருக்க மாட்டார், அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். பக்கத்துக் கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் சின்னதாகத் தொடங்கிய வேலை, இன்று ஊர் ஊராக வீட்டுக்கே போய்ப் பார்க்கும் அமைப்பாக வளர்ந்து நிற்கிறது. இதே நாடு, இதே சட்டம்தான்.

அடுத்து வாடை. நீங்கள் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். ஒரு தாத்தா பேரனுக்கு வாடை ஆகாது என்று கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு ‘ஒரு ஊசி போதும்’ என்று எழுதுகிறார். இரண்டையும் தனித்தனியாக என்னால் படிக்க முடியவில்லை. அந்த வாடை புண்ணில் வளரும் ஒருவகைக் கிருமிகளால் வருவது. மெட்ரோனிடசோல் என்ற மிகச் சாதாரணமான, விலை குறைந்த மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினாலே சில நாளில் வாடை நன்றாகக் குறையும். உப்புநீரில் தினமும் கழுவுவது, துணியைத் தண்ணீரில் ஊறவைத்து வலிக்காமல் எடுப்பது, ஈ உட்காராமல் மூடி வைப்பது எல்லாம் வீட்டிலேயே செய்யக் கூடியவை. நர்ஸ் ஒருமுறை செய்து காட்டினால் கற்றுக்கொள்வீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள்: இப்படிப்பட்ட புண்ணில் சில சமயம் ரத்தம் வரும். கருஞ்சிவப்பு அல்லது கருநீலத் துண்டுகள் நான்கைந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வெள்ளைத் துணியில் பார்த்தால் அவரும் மிரளுவார், நீங்களும் மிரளுவீர்கள். அப்படி வந்தால் யாரைக் கூப்பிடுவது, என்ன மருந்து கொடுப்பது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வலியும் வாடையும் கொஞ்சம் இறங்கியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: ‘அப்பா, இதில் எதை உங்களால் தாங்க முடியவில்லை?’ ‘அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா’ என்று வாயை அடைப்பதுதான் நம் வழக்கம். அடைத்தால் அவர் எழுதுவதை நிறுத்துவார், நினைப்பதை நிறுத்த மாட்டார். அவர் எழுதப் போவது வலியாக இருக்கலாம். மூச்சடைத்துச் சாவேனோ என்ற பயமாக இருக்கலாம். நீங்கள் அடகு வைத்த நகையாகக்கூட இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. மனச்சோர்வு இருந்தால் இந்த நிலையிலும் அதற்கு மருந்து உண்டு.

குழாய் விஷயம். தெளிந்த நினைவோடு இருக்கும், வயது வந்த நோயாளி தனக்கு வேண்டாத சிகிச்சையை மறுக்கலாம். நம் நாட்டில் அது அவருடைய உரிமை. மூக்குக் குழாயும் சிகிச்சைதான். ஆனால் இன்றைக்கே எடுக்காதீர்கள். இப்போது அவர் குழாயை வேண்டாம் என்பது வலியில் கேட்பதாக இருக்கலாம். ஒன்றிரண்டு வாரம் வலியை அடக்கிப் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், டாக்டர் முன்னிலையில் பேசி, கேஸ் ஷீட்டில் எழுதவைத்து, அவர் விருப்பப்படி செய்யலாம். அதன் பிறகு வலி மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகவோ ஒட்டும் பட்டையாகவோ கொடுக்க வழி இருக்கிறதா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசி நாட்களில் உடம்பு தானாகவே உணவைக் கேட்காமல் போகும். அப்போது வற்புறுத்தி ஊற்றும் கஞ்சி நுரையீரலுக்குப் போய்த் துன்பத்தைத்தான் கூட்டும். ‘பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாயே’ என்று உறவுக்காரர் யாராவது சொல்வார்கள். அது அவர்களுடைய அறியாமை, உங்கள் குற்றம் இல்லை.

அப்பா தமிழாசிரியர் என்பதால் அவர் பேச்சிலேயே ஒன்று சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள். ஐயா, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது தனியாக இருக்கவில்லை. நண்பர்களும் புலவர்களும் சூழ இருந்தார். நண்பர் பிசிராந்தையார் வருவார், அவருக்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள் என்றார். சோழன் வழியைக் காட்டுகிற நீங்கள் ஏன் கட்டிலை வெளியே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டீர்கள்? உள்ளே வாருங்கள். வாடைக்கு மருந்து வந்துவிட்டது.

வென்டிலேட்டர் வேண்டாம். இது என் தெளிவான கருத்து. சரியாகக்கூடிய நிமோனியாவுக்கோ விபத்துக்கோ வென்டிலேட்டர் உயிர்காக்கும் கருவி. அப்பாவின் நிலையில் அது சாவைச் சில நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அந்தச் சில நாட்களும் தொண்டையில் குழாயோடு, கையைக் கட்டி, நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நிற்க, அவர் உள்ளே கிடக்க வேண்டியிருக்கும். மூச்சுத் திணறலுக்கும் குறைந்த அளவு மார்ஃபின் நன்றாகக் கேட்கும். ஜன்னலைத் திறந்து, முகத்துக்கு நேரே ஒரு மின்விசிறி வைத்தாலே பலருக்கு ஆசுவாசம் கிடைக்கும்.

வேண்டாம் என்பதை அவரே எழுதி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1973-இல் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமலே 2015 வரை படுக்கையில் இருந்தவர். அவருக்காகப் போட்ட வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதிக்கவில்லை. ஆனால் மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் சிகிச்சையை உயர் நீதிமன்ற அனுமதியோடு விலக்கிக்கொள்ளலாம் என்ற கதவை அந்தத் தீர்ப்புதான் திறந்தது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு விதித்த நடைமுறை யாராலும் செய்ய முடியாதபடி இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். நினைவு தப்பிய பிறகு முடிவெடுக்க வேண்டி வந்தால் மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள் கொண்ட குழுவும், பிறகு இன்னொரு மூவர் குழுவும் பார்க்கும்; அவர்கள் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். கடைசிவரை வீட்டிலேயே இருந்தால் இவ்வளவுக்கும் தேவை வராது. இருந்தாலும் எழுதி வாங்குங்கள். திடீரென்று ராத்திரியில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது அந்தத் தாள்தான் அவருக்காகப் பேசும்.

ஆனால் சாவதற்காக ஊசி போடுவதோ, அதற்கென்று மருந்தை எடுத்துக் கையில் கொடுப்பதோ இந்தியாவில் குற்றம். நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும், டாக்டர் செய்தாலும், பெற்ற மகள் செய்தாலும் குற்றம்தான்.

சுவிட்சர்லாந்திலும் அப்பா நினைப்பது போல ஊசி கிடையாது. அங்கே 1942 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் சட்டம், சுயநலத்துக்காக ஒருவரின் தற்கொலைக்கு உதவுவதை மட்டும் தண்டிக்கிறது. அதனால் டாக்டர் எழுதித் தரும் மருந்தை நோயாளி தானே எடுத்துக்கொள்வது நடக்கிறது. இன்னொருவர் ஊசி போட்டால் அங்கேயும் குற்றம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல், ஆறு மாதத்துக்கு மேல் வாழமாட்டார் என்று இரண்டு டாக்டர்கள் சொன்னவருக்கு மருந்து எழுதித் தருகிறார்கள். அதையும் அவரே குடிக்க வேண்டும். டாக்டரே ஊசி போடுவது நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல், கனடாவில் 2016 முதல் சட்டபூர்வமாக இருக்கிறது. பிரிட்டனில் நாடாளுமன்றக் கீழவை 2024 நவம்பரில் 330-க்கு 275 என்று, சாவு நெருங்கிய நோயாளி மருந்தைத் தானே எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் மசோதாவை ஆதரித்தது. 2025 ஜூனில் மறுபடி வாக்கெடுத்தபோது ஆதரவு 314-க்கு 291 என்று சுருங்கிவிட்டது. நடுவில் அங்குள்ள மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி, இந்த வடிவில் மசோதாவை ஆதரிக்க முடியாது என்று சொன்னது.

இதைக் கேட்கிறவர்களை நான் ஒருபோதும் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். ‘நல்ல வலி நிவாரணம் கிடைத்தால் யாரும் சாவைக் கேட்க மாட்டார்கள்’ என்று என் துறையில் பலர் மேடைகளில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. ஓரிகனில் அந்த மருந்தைக் குடித்து இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே ஆதரவு சிகிச்சையில் இருந்தவர்கள். அவர்கள் சொன்ன காரணங்களிலும் வலி முதலிடத்தில் இல்லை. என் முடிவை நானே எடுக்க முடியவில்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை, கண்ணியம் போய்விட்டது என்பவைதான் முன்னால் நிற்கின்றன. எந்த மாத்திரையும் தீர்க்காத துன்பம் என்று ஒன்று இருக்கிறது. மருந்தை வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கடைசிவரை அதைக் குடிப்பதே இல்லை என்பதும் அங்குள்ள அறிக்கைகளில் வருகிறது. கையில் இருக்கிறது, வேண்டுமென்றால் முடித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்திலேயே மீதி நாட்களை வாழ்ந்துவிடுகிறவர்களும் அவர்களில் உண்டு என்று நினைக்கிறேன். இந்த வாதம் வலுவானது. ஒதுக்கித் தள்ள என்னால் முடியாது.

அப்படியும் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: போட மாட்டேன். சட்டம் நாளைக்கே வந்தாலும், இன்றைய நிலையில் போட மாட்டேன்.

அதே ஓரிகன் அறிக்கைகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறேன்’ என்று சமீப ஆண்டுகளில் பத்தில் நான்கு பேருக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். வசதியும் காப்பீடும் உள்ள நாட்டிலேயே அப்படி. நம் ஊரில் பாரம் என்றால் அடகுக் கடை, வட்டி, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மகள். நம் தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று இருக்கிறது. படுக்கையில் விழுந்த முதியவரைக் குடும்பமே முடித்துவிடும் வழக்கம். செய்கிறவர்களில் பலர் அதைக் கொடுமை என்று நினைப்பதில்லை, கஷ்டப்படாமல் போகட்டும் என்றுதான் நினைக்கிறார்கள். அந்த முதியவரிடம் ஒரு படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க நினைத்தவர், அதைத் தன் விருப்பம் என்றே சொல்வார், நம்பியும் சொல்வார். அதில் எது அவர் விருப்பம், எது வீட்டின் பணமுடை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. கனடாவில் முதலில் சாவு நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று வந்த சட்டத்தை 2021-இல் சாவு நெருங்காதவர்களுக்கும் விரித்தார்கள். பாதுகாப்பு விதிகளை எழுதியவர்கள் கவனமானவர்கள்தான். ஆனாலும் கோடு நகர்ந்தது.

தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் மார்ஃபினும் அதைக் கொடுக்கத் தெரிந்த டாக்டரும் நர்ஸும் வந்து சேர்ந்த ஒரு தமிழ்நாட்டில் இதே கேள்வியை என்னிடம் கேட்டால், என் பதில் வேறாக இருக்கலாம். உங்கள் அப்பா இன்று கேட்பது, அவருக்குக் கிடைக்க வேண்டிய சாதாரண மருந்துகூடக் கிடைக்காத நிலையில் கேட்பது. வலிமருந்தை மறுத்துவிட்டு, சாகும் உரிமையை மட்டும் நீட்டுகிற வரிசை எனக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லாம் செய்தும் துன்பம் அடங்காத கட்டம் சிலருக்குக் கடைசி நாட்களில் வரும். அப்போது மிடசோலம் போன்ற மருந்தைத் தேவையான அளவுக்கு மட்டும் கொடுத்து, துன்பம் தெரியாதபடி உறங்க வைக்கலாம். இங்கே சட்டத்துக்கு உட்பட்டுச் செய்யக் கூடியது அது. நானும் தயங்காமல் செய்வேன். துன்பம் அடங்கும் அளவோடு மருந்து நிற்கும், நோய் தன் போக்கில் அவரைக் கொண்டு போகும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ‘கடைசியில் தாங்க முடியாமல் போனால் உங்களை அப்படியே விட்டுவிட மாட்டோம்’ என்று ஒருவர் உறுதி கொடுத்தாலே ஊசியைப் பற்றிய பேச்சு குறைந்த நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வேண்டுதல் பாவமில்லை. நீங்கள் வேண்டுவது அவர் துன்பம் முடியட்டும் என்று. அதே வேண்டுதலைப் பெற்ற பிள்ளைகள், கட்டிய மனைவிகள் என்று எத்தனையோ பேர் என்னிடம் தலைகுனிந்து சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் பாசம் குறைவாக இருந்ததில்லை. நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கடிதத்தில் இல்லை. வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறு யாராவது அப்பாவின் பக்கத்தில் படுக்க ஏற்பாடு செய்யுங்கள். மனசு தாங்காத ராத்திரிகளில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

அண்ணனை இப்போதே வரச் சொல்லுங்கள், காரியத்துக்கு வருவதற்குப் பதிலாக. தூரத்தில் இருக்கும் பிள்ளை ‘எதையும் நிறுத்தாதே’ என்பது பெரும்பாலும் கூட இருக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியில்தான். அப்பா பேனா பிடிக்கும் நிலையில் இருக்கும்போதே அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, வென்டிலேட்டர் வேண்டுமா, குழாய் வேண்டுமா என்று தன் கண்ணாலேயே நோட்டில் படிக்கட்டும். மருத்துவ உயிலுக்கான இரண்டு சாட்சிகள் முடிந்தவரை குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களாக இருக்கட்டும், அண்ணன் கூட இருந்தால் போதும். விமானச் சீட்டு கிடைக்கத் தாமதமானால் வீடியோ அழைப்பிலாவது இந்த வாரமே நடக்கட்டும். மார்ஃபினுக்கு அதற்கும் முன்னால், நாளைக் காலையே போய்வாருங்கள்.